ஈஸ்ட் இல்லாமல் தோசைக்கல்லில் மென்மையான ரொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்தில் பாதி இரவுகள் நம் வீடுகளில் சப்பாத்தி இரவுகள்தான். இத்தனை பழக்கம் இருந்தும், ‘கல்லிலிருந்து எடுக்கும்போது நன்றாக இருந்தது, தட்டில் வைத்ததும் அப்பளமாகிவிட்டது’ என்ற புலம்பல் குறைந்தபாடில்லை. ஈஸ்டும் வேண்டாம், ஓவனும் வேண்டாம். ஒரு தோசைக்கல்லும் அடுப்பும் போதும் என்று இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பேச்சின் பெரும்பகுதி சப்பாத்தியைப் பற்றியது. தயிர் சேர்த்த தடித்த ரொட்டி, தேங்காய் ரொட்டி, அரிசி ரொட்டி ஆகியவற்றுக்கும் இடம் உண்டு.

ஈஸ்ட் இல்லையென்றால் மென்மை எங்கிருந்து வரும்?

தண்ணீரிலிருந்து. பாலிலிருந்தோ எண்ணெயிலிருந்தோ அல்ல.

ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயு பன் போன்ற தடித்த ரொட்டிக்குள் காற்றறைகளை உண்டாக்குகிறது. இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள சப்பாத்திக்கு அந்த உதவி தேவையில்லை, நீராவியே போதும். தண்ணீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகுகிறது. மாவுக்குள் ஒரு துளி தண்ணீர் இருந்தால்கூட அது சப்பாத்தியை இரண்டு ஏடாகப் பிரித்துத் தூக்கிவிடும்.

அந்த ஆவியைப் பிடித்து வைக்க ஒரு வலை வேண்டும். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள கிளையடின், குளூட்டனின் என்ற இரண்டு புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற இழுபடும் வலையாகின்றன. நாம் பயன்படுத்துவது முழுக்கோதுமை மாவு என்பதால் தவிடும் கூடவே இருக்கிறது. காய்ந்த தவிட்டுத் துகள்கள் கூர்மையானவை. அந்த வலையை அங்கங்கே அறுத்துவிடும். அவை தண்ணீர் குடித்து இளகிவிட்டால் தொல்லை குறையும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

ஆக, போதுமான தண்ணீர், ஊறுவதற்கு நேரம், நன்றாகக் காய்ந்த கல். பலரும் இந்த மூன்றில் ஒன்றைக் குறைத்துவிட்டு, அந்தக் குறையை மூடப் பாலையும் வெண்ணெயையும் தேடுகிறார்கள்.

சரி, அளவு சொல்லுங்கள்.

கோதுமை மாவு 250 கிராம் (ஏறத்தாழ இரண்டு கப்), உப்பு அரைத் தேக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 165 முதல் 180 மில்லி, எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. எண்ணெய் கட்டாயமில்லை.

மாவையும் உப்பையும் கலந்து, முக்கால் பங்கு தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றி, விரல்களால் கிளறிச் சேர்க்க வேண்டும். மீதியைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தெளித்துக்கொள்ளலாம். உலர்ந்த மாவு எங்கும் தெரியாத நிலைக்கு வந்ததும் பிசையத் தொடங்காமல், மூடிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். மாவு தானாகவே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன்பின் எண்ணெய் விட்டு நான்கைந்து நிமிடம் பிசைந்தால் போதும். எடுத்த எடுப்பிலேயே பிசைந்திருந்தால் இதே பதத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கையை முறித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்த அளவுக்குப் பத்து உருண்டைகள் வரும். ஒவ்வொன்றும் சுமார் 40 கிராம். தேய்த்தால் ஒரு சாண் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.

மாவு கையில் ஒட்டுகிறது. தண்ணீர் கூடிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பிசையத் தொடங்கும்போது ஒட்டுவதுதான் சரியான மாவு. அரை மணி நேரம் ஊறியபின் அதே மாவைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டாது. ஒட்டுகிறதே என்று பயந்து அந்தக் கணத்தில் இரண்டு கை மாவை அள்ளிக் கொட்டுவதுதான் வறட்சிக்கு முதல் காரணம். பிசையும்போதே கெட்டியாக இருக்கும் மாவு, ஊறியபின் இன்னும் கெட்டியாகும்.

பதம் பார்க்க எளிய வழி: விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாகப் பாதி நிரம்ப வேண்டும். காது மடலைத் தொட்டுப் பார்த்து அந்த மென்மைக்குப் பிசையச் சொல்லும் பழைய வழியும் நம்பத் தகுந்ததே. பூரிக்குப் பிசைவது போல விறைப்பாகப் பிசைந்துவிட்டுச் சப்பாத்தி மென்மையாக வரவில்லையே என்று கல்லைக் குறை சொல்வதில் பொருளில்லை.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

குறைந்தது 20 நிமிடம். அரை மணி நேரம் நல்லது. இரண்டு மணி நேரம் ஆனாலும் கெடுதல் இல்லை. பிசைந்ததும் குளூட்டன் வலை விறைத்து நிற்கும். அப்போது தேய்த்தால் ரப்பர்போல் உள்ளே சுருங்கிக்கொள்ளும். ஊறியபின் அந்த இறுக்கம் தளர்ந்து, கட்டை போகும் திசைக்கெல்லாம் மாவும் போகும். மூடி வைக்க ஈரத்துணி அல்லது தட்டு, இரண்டில் ஒன்று கட்டாயம். மேல்பரப்பு காய்ந்து பொருக்கு தட்டினால் சுடும்போது அந்த இடத்தில் வெடித்து ஆவி வெளியேறிவிடும்.

பால், தயிர், நெய், வாழைப்பழம், உருளைக்கிழங்கு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் சேர்ப்பது?

முதலில் வெறும் தண்ணீரில் சரியாக வரட்டும். அது வராதவருக்கு இவை எதுவும் கைகொடுக்காது.

வந்தபின் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு. எண்ணெயும் நெய்யும் குளூட்டன் இழைகளின்மேல் பூசிக்கொண்டு அவை அளவுக்கு மீறி இறுகாமல் தடுக்கும். ஆறியபின் விறைப்பதையும் தள்ளிப்போடும். 250 கிராம் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டிக்குமேல் போனால் சப்பாத்தி மென்மையாகாது, பிஸ்கட்போல் நொறுங்கத் தொடங்கும். பால் சேர்த்தால் நிறம் விரைவில் ஏறும், லேசான இனிப்பு வரும். ஆனால் அந்த மாவை அன்றே சுட்டுவிட வேண்டும். தயிரின் புளிப்பு மாவை இளக்கும். ரயிலில் கொண்டுபோகும் சப்பாத்திக்கு அது பொருத்தம், தண்ணீரில் கால் பங்கைத் தயிராக மாற்றிக்கொள்ளலாம். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு ஈரத்தைப் பிடித்து வைப்பதில் இவை எல்லாவற்றையும் விடச் சிறந்தது. ஒரு சிறு கிழங்கு போதும், தண்ணீரை அதற்கேற்பக் குறையுங்கள்.

வாழைப்பழம் எனக்குப் பிடிப்பதில்லை. மென்மை வருவது உண்மைதான். ஆனால் அதிலுள்ள சர்க்கரையால் புள்ளிகள் சீக்கிரம் கருகும். குருமாவுடன் சாப்பிடும்போது ஒரு பழவாடை குறுக்கே வந்து நிற்கும்.

வெந்நீரில் பிசைந்தால் மென்மையாக வருமாமே?

வரும், காரணமும் உண்டு. கோதுமை மாவுச்சத்து 60 பாகை செல்சியஸுக்கு அருகில் தண்ணீரை உறிஞ்சி உப்பிக் கூழாகத் தொடங்குகிறது. கொதிநீர் ஊற்றும்போது மாவில் ஒரு பகுதி அங்கேயே வெந்துவிடுகிறது. வெந்த மாவுச்சத்து கூடுதலான தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஆனால் அதே சூடு புரதங்களையும் வேகவைத்துவிடுவதால் வலை பலவீனமாகும். அதனால் சப்பாத்தி மிக மென்மையாக இருக்கும், பந்துபோல் உப்புவது குறையும்.

பாதிக்குப் பாதி என்பது நல்ல ஏற்பாடு. பாதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறிவிட்டு, மீதியைச் சாதாரணத் தண்ணீராகச் சேர்த்துப் பிசையலாம். மதிய உணவு டப்பாவுக்குப் போகும் சப்பாத்திக்கு இந்த முறையைத் தயங்காமல் சொல்வேன்.

எந்த மாவு நல்லது? மில்லில் அரைப்பதா, பாக்கெட்டா?

இரண்டிலும் நன்றாக வரும், ஆனால் இரண்டும் ஒரே அளவு தண்ணீர் கேட்காது. கல் இயந்திரத்தில் அரைக்கும்போது அழுத்தத்தாலும் சூட்டாலும் மாவுச்சத்து மணிகள் ஓரளவு சிதைகின்றன. சிதைந்த மணிகள் அதிகத் தண்ணீர் குடிக்கும். சப்பாத்திக்கு முழுக்கோதுமை மாவு பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். புதிதாக அரைத்த மாவு சூடாக இருந்தால் அகலமான தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே டப்பாவில் அடையுங்கள். மில்லுக்குக் கொடுக்கும்போது ஐந்து கிலோ கோதுமைக்குக் கால் கிலோ சோயா சேர்த்து அரைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சோயா தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அது வீண் வேலை அல்ல.

சலிக்கலாமா என்றால், கண் பெரிதான சல்லடையில் சலித்து முரட்டுத் தவிட்டை மட்டும் நீக்கலாம். மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலித்தால், காசு கொடுத்து வாங்கிய நார்ச்சத்தைக் குப்பைக்கு அனுப்பிய கணக்குதான்.

மைதாவுக்குத் தண்ணீர் குறைவாகவே போதும். 250 கிராமுக்கு 140 மில்லியிலிருந்து தொடங்குங்கள்.

எனக்கு வட்டமாகவே வரவில்லை.

மென்மைக்கும் வட்டத்துக்கும் தொடர்பில்லை. சீரான தடிமன்தான் முக்கியம். இலங்கை வரைபடம்போல் வந்தாலும் எல்லா இடமும் ஒரே தடிமனாக இருந்தால் உப்பும். நடுவில் கட்டையை அழுத்தாமல், ஓரங்களை நோக்கித் தேய்த்து, அவ்வப்போது மாவைக் கால்வட்டம் திருப்பிப் போடுங்கள்.

தொட்டுத் தேய்க்கும் மாவைக் கைக்கடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஒட்டியிருக்கும் மாவு கல்லில் கருகி, அடுத்த சப்பாத்தியில் கசப்பாக வந்து சேரும். கல்லில் போடுவதற்குமுன் இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையே மாற்றி மாற்றித் தட்டினால் உதிர்ந்துவிடும்.

கல்லின் சூடு எப்படி இருக்க வேண்டும்?

பிசைவதையும் ஊறவைப்பதையும் ஒழுங்காகச் செய்தவர்கள்கூட வழுக்கி விழும் இடம் இது. தோசைக்குப் பழகிய கை நம்முடையது. தோசை வார்க்கும்முன் கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்துச் சூட்டைத் தணிப்போம். இல்லாவிட்டால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். சப்பாத்திக்கு அந்தத் தணிப்பே கூடாது. கல் 200 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். அளப்பதற்கு வெப்பமானி தேவையில்லை. ஒரு சிட்டிகை கோதுமை மாவைத் தூவினால் சில நொடிகளில் பழுப்பாக வேண்டும். வெள்ளையாகவே கிடந்தால் இன்னும் காயவில்லை. உடனே கருகிப் புகைந்தால் தீயைக் குறையுங்கள்.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சப்பாத்தி கல்லில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் ஈரத்தை இழந்துகொண்டிருக்கிறது. காய்ந்த கல்லில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். சூடு குறைவான கல்லில் மூன்று நிமிடம் ஆகும். வெந்து முடியும்போது உள்ளே தண்ணீரே மிஞ்சியிருக்காது. கருகிவிடுமோ என்று சிறு தீயில் நிதானமாகச் சுடுவது சப்பாத்தியை உலர்த்தி எடுக்கும் வேலை.

வரிசை இப்படி: போட்டதும் 15 முதல் 20 நொடி. நிறம் மாறி, சிறு கொப்புளங்கள் கிளம்பும். அப்போதே திருப்ப வேண்டும், முதல் பக்கம் முழுதாக வேகக் கூடாது. இரண்டாம் பக்கம் 30 அல்லது 40 நொடி, பழுப்புப் புள்ளிகள் வரும்வரை. மீண்டும் திருப்பி, மடித்த பருத்தித் துணியால் ஓரங்களை மெதுவாக அழுத்தினால் ஆவி உள்ளே நகர்ந்து எல்லாப் பக்கமும் தூக்கும். அவ்வளவுதான், எடுத்துவிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்’ என்று காத்திருப்பது வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் உப்பவில்லை. ஏன்?

பெரும்பாலும் இவற்றில் ஒன்று: தடிமன் சீராக இல்லை, தேய்க்கும்போதே எங்கோ சிறு கிழிசல், முதல் பக்கம் அதிகம் வெந்து விறைத்துவிட்டது, கல் காயவில்லை, தேய்த்து வெகுநேரம் போட்டு வைத்ததால் மேல்பரப்பு உலர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் முதலிலேயே தேய்த்து அடுக்கிவிட்டுச் சுடப் போகிறவர்கள் கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள்.

உப்பாவிட்டாலும் மென்மையாக இருக்கலாம். உப்புவது ஆவி நன்றாகச் சிக்கியதற்கு அடையாளம், அவ்வளவே. அதற்காக மனம் வெதும்ப வேண்டாம்.

நேரடித் தீயில் வாட்டலாமா?

வாட்டலாம். வட இந்திய வீடுகளில் புல்கா அப்படித்தான் சுடுகிறார்கள். இரண்டு பக்கமும் கல்லில் அரைவேக்காடாக்கி, இடுக்கியால் எடுத்து நடுத்தரத் தீயில் காட்டினால் சில நொடிகளில் பந்தாகும். எண்ணெய் விட்டுச் சுடும் சப்பாத்திக்கு இந்த முறை வேண்டாம். எண்ணெய் தீயில் சொட்டும். மின் அடுப்பு, இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் துணியால் அழுத்தும் முறையிலேயே இதே பலனைப் பெறலாம்.

நான்ஸ்டிக் கல்லில் சுடலாமா?

சுடலாம், ஆனால் சப்பாத்திக்கு வேண்டிய சூடு அந்தப் பூச்சுக்கு உகந்ததல்ல. வெறும் கல்லைப் பெருந்தீயில் நெடுநேரம் காயவிட்டால் சூடு 260 பாகையைத் தாண்டிப் பூச்சு சிதையத் தொடங்கும். கனமான இரும்புக் கல்தான் இதற்கு ஏற்றது. மாவு பட்டதும் அதன் சூடு சட்டென்று இறங்காது. தோசைக்கும் சப்பாத்திக்கும் தனித்தனிக் கல் வைத்துக்கொள்வது நம் வீட்டுப் பெரியவர்களின் நல்ல வழக்கம். சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை ஒட்டிக்கொண்டு படுத்தும் பாடு தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

உணவகத்தில் கிடைக்கும் நான் போலத் தடிமனாக, பஞ்சுபோல வேண்டும். அதுவும் ஈஸ்ட் இல்லாமல் வருமா?

தந்தூர் அடுப்பின் வாசனை வராது. மென்மை நிச்சயம் வரும். தடிமன் கூடும்போது நீராவி மட்டும் போதாது, வாயுவும் வேண்டும். அதைத் தயிரும் சோடாவும் சேர்ந்து தரும்.

மைதா 250 கிராம் (மூன்றில் ஒரு பங்கைக் கோதுமை மாவாக மாற்றலாம்), பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. இவற்றை முதலில் உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்துவிடுங்கள். சோடா ஒரே இடத்தில் தங்கினால் மஞ்சள் திட்டும் சோப்புச் சுவையும் வரும். பிறகு கட்டியில்லாமல் அடித்த தயிர் 100 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் 60 முதல் 75 மில்லி. மாவு சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கட்டும். மிகவும் அழுத்திப் பிசைய வேண்டாம். மூடி ஒரு மணி நேரம் வையுங்கள்.

ஆறு உருண்டைகளாக்கி ஐந்து மில்லிமீட்டர் தடிமனுக்கு, முடிந்தால் கட்டை இல்லாமல் கையாலேயே தட்டிப் பரப்புங்கள். ஒரு பக்கத்தில் தண்ணீர் தடவி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி காய்ந்த இரும்புக் கல்லில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். மேலே குமிழ்கள் எழும்பியதும் கல்லைக் கைப்பிடியோடு தூக்கித் தீயின்மேல் கவிழ்த்துக் காட்டினால் மேல்பக்கம் புள்ளி புள்ளியாகச் சிவக்கும். கல்லைக் கவிழ்க்கத் துணிவில்லாதவர்கள் தண்ணீர் தடவாமல் போட்டு, மூடியால் மூடி ஒரு நிமிடம் வேகவைத்துத் திருப்பிப் போடலாம். ருசியில் பெரிய வேறுபாடு இல்லை. எடுத்தவுடன் பூண்டு நறுக்கிப் போட்ட வெண்ணெய் தடவினால், ஈஸ்ட் எங்கே என்று யாரும் தேட மாட்டார்கள்.

பேக்கிங் பவுடர் இல்லை. ஆப்பசோடா மட்டும் போட்டால்?

போடலாம், புளிப்பு ஒன்று கூட இருந்தால். சோடா காரம், தயிரிலுள்ள புளிப்போடு சேர்ந்தால்தான் நன்றாக வாயு விடும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமில உப்பும் கலந்தே இருப்பதால் தண்ணீரும் சூடும் போதும். சோடாவை மட்டும் நம்பினால் மேலே சொன்ன அளவுக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் போட்டு, நன்றாகப் புளித்த தயிரைப் பயன்படுத்துங்கள். பிசைந்ததுமே வாயு கிளம்பத் தொடங்கிவிடும் என்பதால் அரை மணி நேரத்தில் சுடத் தொடங்குவது நல்லது.

சப்பாத்தியில் சோடா தேவையே இல்லை. கல்யாணச் சமையலிலிருந்து இந்தப் பழக்கம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதோ என்னவோ, மெல்லிய சப்பாத்தியில் அது சுவையைக் கெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

தேய்க்கவே தெரியாதவர்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு, இலங்கையின் தேங்காய் ரொட்டி. சிங்களத்தில் பொல் ரொட்டி. கட்டையும் வேண்டாம், உப்புமோ உப்பாதோ என்ற கவலையும் வேண்டாம். 250 கிராம் மைதாவுக்கு (அங்கே கோதுமை மா என்று சொன்னாலே பெரும்பாலும் இந்த வெள்ளை மாவுதான்) 100 கிராம் தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்), அரைத் தேக்கரண்டி உப்பு. விரும்பினால் பொடியாக அரிந்த சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும். முதலில் தேங்காய்ப்பூவை மாவோடு விரலால் நன்றாகப் பிசறுங்கள். அதிலுள்ள ஈரமும் எண்ணெயும் மாவில் இறங்கும். பிறகு 120 மில்லி தண்ணீர் தெளித்துச் சேர்த்து, கால் மணி நேரம் மூடி வையுங்கள்.

எண்ணெய் தொட்ட வாழையிலையில் அரை சென்டிமீட்டருக்குத் தட்டி, நடுத்தரத் தீயில் ஒவ்வொரு பக்கமும் மூன்று நிமிடம். இது தடித்த ரொட்டி, அதனால் இங்கே அவசரம் ஆகாது. தேங்காயின் கொழுப்பு குளூட்டனை இறுகவிடாது. ஆறினாலும் கடிக்க முடிகிற ரொட்டி இது. பக்கத்தில் செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்), வெங்காயம், உப்பு, மாசிக் கருவாடு இடித்து எலுமிச்சை பிழிந்த கட்டச்சம்பல் இருந்தால் வேறு கறி தேவைப்படாது.

கோதுமையே ஆகாதவர்கள் என்ன செய்வது?

அரிசி, சோளம், கேழ்வரகு எதிலும் குளூட்டன் இல்லை. அதனால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தேய்க்கும்போதே விண்டுபோகும். மாவை ஒட்டவைக்கும் வேலையை வெந்த மாவுச்சத்திடம் ஒப்படைக்க வேண்டும், கொதிநீர்தான் வழி. ஒரு கப் அரிசி மாவுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் கப் தண்ணீரை உப்போடு கொதிக்கவைத்து, மாவைக் கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைந்துவிட வேண்டும். மலபாரில் பத்திரி இப்படித்தான் செய்கிறார்கள். மெல்லியதாகத் தேய்த்த பத்திரி கல்லில் உப்பவும் செய்யும்.

வட கர்நாடகத்தின் சோள ரொட்டியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கல்லில் போட்டதும் மேல்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கிறார்கள். மேலே ஒட்டிய உலர்மாவு நீங்குவதோடு, அந்த ஈரம் மேற்பரப்பு வெடிக்காமலும் காக்கிறது. வீட்டில் கேழ்வரகு ரொட்டிக்கும் இதைச் செய்து பாருங்கள். மருத்துவக் காரணத்துக்காகக் குளூட்டனைத் தவிர்ப்பவர்கள் மாவு அரைக்கும் மில்லைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரிசியை அரைத்தால் கலப்பு இருக்கத்தான் செய்யும்.

ஆறியதும் விறைத்துவிடுகிறது. மதியம்வரை மென்மையாக இருக்க என்ன செய்யலாம்?

சுட்டதும் தட்டில் பரப்பாமல், பருத்தித் துணி விரித்த பாத்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடுங்கள். வெளியேறும் ஆவி அடுத்த சப்பாத்தியை நனைக்கும், கூடுதலான ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும். துணி இல்லாமல் எவர்சில்வர் டப்பாவில் சூடாக அடைத்தால் மூடியில் நீர் கோத்து அடிச் சப்பாத்தி சொதசொதவென்று ஆகிவிடும். நெய்யோ எண்ணெயோ தடவுவதாக இருந்தால் சூடாக இருக்கும்போதே தடவுங்கள்.

விறைப்பதற்குக் காரணம் ஈரம் போவது மட்டுமல்ல. சூட்டில் உப்பிக் கூழான மாவுச்சத்து, ஆறும்போது மறுபடி படிகமாக இறுகத் தொடங்குகிறது. ஃபிரிட்ஜின் குளிரில் இது அறைச் சூட்டில் இருப்பதைவிட விரைவாக நடக்கும். அதனால் சுட்ட சப்பாத்தியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது மென்மைக்குப் பகை. மறுநாளைக்கு வேண்டுமென்றால், ஆறவைத்து, நடுவே தாள் வைத்து, காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் வையுங்கள். உறைநிலையில் அந்த இறுக்கம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. எடுத்ததும் லேசாகத் தண்ணீர் தெளித்துச் சூடான கல்லில் போட்டால் பழைய பதம் பெருமளவு திரும்பிவிடும்.

பிசைந்த மாவை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? கறுத்துப்போகிறதே?

ஒரு நாள் வைக்கலாம். கறுப்பு என்பது முழுக்கோதுமையிலுள்ள நொதிகள் காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதும் இந்த வகைதான். மேலே எண்ணெய் தடவி, டப்பாவில் காற்றுக்கு இடமில்லாமல் அழுத்தி மூடினால் குறையும். புளித்த வாடை வந்தாலோ, இழுத்தால் நூலாக வந்தாலோ தூக்கி எறியுங்கள். சுடுவதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சோற்றுக்குப் பதிலாக எத்தனை சப்பாத்தி வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

இல்லை. மேலே சொன்ன அளவில் ஒரு சப்பாத்தியில் 25 கிராம் மாவு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 17 கிராம் மாவுச்சத்து. நான்கு சாப்பிட்டால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். எத்தனை என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டில் அல்ல.

ஈஸ்ட் போடாததெல்லாம் ரொட்டியே இல்லை என்று ஒருவர் சொன்னார்.

ஜோர்டானின் வடகிழக்கில் சுபைக்கா என்ற இடத்தில் பழைய அடுப்புகளைத் தோண்டிய ஆய்வாளர்கள், கருகிப்போன ரொட்டித் துணுக்குகளைக் கண்டெடுத்து 2018-இல் அறிவித்தார்கள். வயது சுமார் 14,400 ஆண்டுகள். மனிதர்கள் வேளாண்மை தொடங்குவதற்கு ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே, காட்டுத் தானியங்களையும் கிழங்குகளையும் அரைத்துத் தட்டையாகச் சுட்ட ரொட்டி அது. புளிக்கவைத்ததற்கான அடையாளம் இல்லை. அந்த நண்பரிடம் இதைச் சொல்லிவிட்டு ஒரு சப்பாத்தியும் கொடுங்கள்.

மின்சார ரொட்டி மேக்கர் வாங்கலாமா?

அழுத்தும் வேலை மிச்சமாகும். ஆனால் அது நன்றாக அழுத்த வேண்டுமானால் மாவு மிகவும் தளர்வாக இருக்க வேண்டும். அந்தப் பதத்துக்குப் பிசையத் தெரிந்தவருக்குக் கட்டையே போதுமானது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்பேன். அவர்களுக்குக்கூட, அழுத்துவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்திக்கொண்டு, சுடுவதைக் கல்லில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சிக் காய்ந்துபோன சப்பாத்தியை என்ன செய்வது?

கத்தரிக்கோலால் மெல்லிய கீற்றுகளாக வெட்டுங்கள். கடுகு, சோம்பு தாளித்து, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் வதக்கி, கொஞ்சம் தண்ணீரோ மிஞ்சிய குருமாவோ ஊற்றிக் கொதி வந்ததும் கீற்றுகளைப் போட்டுக் கிளறி இரண்டு நிமிடம் மூடுங்கள். முட்டை சாப்பிடுபவர்கள் ஓரமாக ஒதுக்கிவிட்டு இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கொத்திக்கொள்ளலாம். காய்ந்த சப்பாத்திதான் இதற்கு வேண்டும், புதியது குழைந்துவிடும்.